குளோனிங்கும் உயிரும்: சைவ சித்தாந்த வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் விலங்கியல் கற்பித்தவன். ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறு குழுவினருடன் சைவ சித்தாந்தத்தின் முதன்மை நூலான மெய்கண்டாரின் சிவஞான போதத்தைப் படித்து வருகிறேன். அதன் பன்னிரண்டு சூத்திரங்களில் மூன்றாவது, உடலுக்கு வேறாக உயிர் உண்டு என்று நிறுவுவது. அந்தச் சூத்திரத்தை எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் குளோனிங் பற்றி, அதாவது ஓர் உயிரினத்தின் உயிரணுவைக் கொண்டு அதே மரபணு உடைய நகலை உண்டாக்குவது பற்றி, கேட்காமல் இருப்பதில்லை. அடிக்கடி வரும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். இவை ஒரு மாணவனின் விடைகளே. எந்த ஆதீனத்தின் தீர்ப்பும் அல்ல.

குளோனிங்கில் உண்மையில் எது நகலாகிறது?

உட்கருவில் உள்ள டிஎன்ஏ மட்டுமே நகலாகிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கு அருகிலுள்ள ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் 1996 ஜூலை 5 அன்று பிறந்த டாலி என்ற ஆட்டுக்குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதான ஒரு பெண் ஆட்டின் மடியிலிருந்து எடுத்து உறைநிலையில் வைத்திருந்த உயிரணு ஒன்றை, உட்கரு நீக்கப்பட்ட மற்றோர் ஆட்டின் கருமுட்டையோடு மின்துடிப்பால் இணைத்தார்கள். அவ்வாறு உருவான கருவை மூன்றாவது ஆடு சுமந்து ஈன்றது. மடியணுவுக்கு உரிய ஆடு, டாலி பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டது. ஆக, டாலிக்குத் தாய் என்று சொல்லத்தக்கவை மூன்று. தந்தை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கருமுட்டை தன் பங்குக்கு உட்கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற ஆற்றல் உறுப்பிலுள்ள 37 மரபணுக்களைத் தந்துவிடுவதால், அது முழு நகல் என்று சொல்வதும் துல்லியமாகாது.

நம் நாட்டில், ஹரியானா மாநிலம் கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆய்வு நிறுவனத்தில் 2009-ல் எருமைக் கன்றும், 2023 மார்ச்சில் கங்கா என்ற கிர் இனப் பசுங்கன்றும் இம்முறையில் பிறந்தன. கங்கா, ஒரு பசுவின் வால் பகுதியிலிருந்து எடுத்த உயிரணுவில் உருவானது. மனிதர் எவரும் இவ்வாறு பிறந்ததாக இன்றுவரை நிறுவப்படவில்லை.

ஓர் உயிரிலிருந்து அதே போன்ற இன்னோர் உடல் உண்டாவது இயற்கைக்கு மாறானது அல்லவா?

உங்கள் வீட்டுக் கொல்லையில் வாழை இருந்தால் இந்தக் கேள்வியை அங்கே போய் நின்று கேட்டுப் பாருங்கள். தாய்மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக்கன்று, மரபணு அளவில் தாய்மரமேதான். வாழையடி வாழையாக என்று வாழ்த்தும்போது நாம் அறியாமலேயே குளோனிங்கைச் சொல்லி வாழ்த்துகிறோம். பதியன் போட்ட மல்லிகையும், வெட்டி நட்ட முருங்கைப் போத்தும் அப்படித்தான்.

இது வெறும் உவமை அன்று. புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள் என்பது தொல்காப்பியம். ‘புல்லாகிப் பூடாய்’ என்று சிவபுராணத்தை நாள்தோறும் ஓதுகிறவருக்கு, வாழையிலும் ஓர் உயிர் நின்று வினையை நுகர்கிறது. அப்படியானால் கன்று முளைத்தபோது தாய்மரத்தின் உயிர் இரண்டாகப் பிளந்ததா? சித்தாந்தத்தில் உயிர் என்றும் உள்ளது, எவராலும் ஆக்கப்படாதது, கூறுபடாதது. எனவே பிளந்தது உடல் மட்டுமே. பிரிந்த உடலுக்கு வேறோர் உயிர் வந்து பொருந்தியது என்றே கொள்ள வேண்டும். தாய்மரம் தார் ஈன்று வெட்டுண்ட பிறகும் கன்று தன்போக்கில் வளர்வதைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஆட்டுக்கும் பசுவுக்கும், நாளை மனிதனுக்கே நேர்ந்தாலும், கோட்பாடு இதுதான்.

ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறக்கும் இரட்டைக் குழந்தைகளும் மரபணு அளவில் ஒருவருக்கொருவர் நகல்களே. அவர்களுள் ஒருவருக்கு உயிர் இல்லை என்று இதுவரை எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

உடலை நகலெடுத்தால் உணர்வும் சேர்ந்தே நகலாகிவிடாதா?

இந்த இடத்தில்தான் மூன்றாம் சூத்திரம் வேண்டும்: ‘உளது இலது என்றலின் எனது உடல் என்றலின் ஐம்புலன் ஒடுக்கம் அறிதலின் கண்படில் உண்டி வினை இன்மையின் உணர்த்த உணர்தலின் மாயா இயந்திர தனுவினுள் ஆன்மா’.

உயிர் என்று ஒன்று இல்லை என்று மறுப்பதற்கும் மறுக்கிற ஓர் அறிவு வேண்டும். அந்த அறிவே உயிர். என் வீடு என்பதுபோல என் உடல் என்று சொல்கிறோமே, அப்படி உடைமையாக்கிச் சொல்பவன் உடலாக இருக்க முடியாது. ஒரு புலன் அறிவதை மற்றொரு புலன் அறியாது. ஐந்தையும் அறிவது வேறொன்று. புலன்கள் ஒடுங்கிய கனவிலும் அறிவு தொடர்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தும் உண்பதும் செயலும் இல்லை. ஆகவே உயிர் மூச்சுக்காற்றும் அன்று. உணர்த்தினால்தான் உணர்கிறது, ஆகவே அது இறைவனும் அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இவ்வளவையும் சொல்லி முடிக்கும்போது மெய்கண்டார் உடலுக்கு இடும் பெயர் ‘மாயா இயந்திர தனு’, அதாவது உலகின் மூலப்பொருளான மாயையால் ஆகிய இயந்திர உடல். விலங்கியல் ஆசிரியனான எனக்கு அந்தச் சொல்லைக் கண்ட நாள் மறக்காது. இயந்திரத்தைப் பார்த்து இன்னோர் இயந்திரம் செய்யலாம். அதை ஓட்டுபவனைச் செய்ய வரைபடம் கிடையாது.

மனம், அறிவு, நினைவு ஆகியவை மூளையின் செயல்கள் என்று அறிவியல் சொல்கிறதே?

சொல்லட்டும். சித்தாந்தி இதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற நான்கு அந்தக்கரணங்களையும் (அகக்கருவிகளையும்) சித்தாந்தம் உயிர் என்று கொள்வதில்லை. அவையும் மாயையின் காரியங்கள், தாமாக அறியும் ஆற்றலில்லாத சடப்பொருள்கள். கண்ணாடி கண்ணுக்கு உதவுவதுபோல அவை உயிருக்கு உதவுகின்றன. ஆகவே முன்கோபமோ இசையில் நாட்டமோ மரபணு வழியாக ஓரளவு வரக்கூடும் என்று ஆய்வு காட்டினால், கருவி பரம்பரையாக வருகிறது என்று ஏற்றுக்கொண்டு போகலாம்.

நினைவுகளையும் ஒருநாள் நகலெடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஓர் இளைஞர் கேட்டார். அப்போதும் நகலாவது கருவியே. என் நாட்குறிப்பு முழுவதையும் மனப்பாடம் செய்த ஒருவர் நானாகிவிடுவதில்லை. இது ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பிக்கத்தக்க விடையா என்று அவர் விடாமல் கேட்டார். இல்லை என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் நரம்பணுக்களின் மின்னோட்டம் எப்படி ‘நான் வலியை உணர்கிறேன்’ என்ற அனுபவமாகிறது என்பதை அறிவியலும் விளக்கி முடிக்கவில்லை. மெய்யியல் அறிஞர் டேவிட் சால்மர்ஸ் 1995-ல் அதற்குக் ‘கடினமான சிக்கல்’ என்று பெயரிட்டார். அந்தப் பெயர் இன்றும் பொருந்துகிறது.

உடல் அதுவே என்றால் ஆளும் அவரேதான் என்று ஏன் கொள்ளக்கூடாது?

திருமூலர் வரலாற்றைப் பெரியபுராணம் சொல்லும் முறையிலேயே நினைத்துப் பாருங்கள். சாத்தனூரில் மூலன் என்ற இடையர் மேய்ச்சல் நிலத்தில் இறந்து கிடக்கிறார். பசுக்கள் உடலைச் சுற்றிச் சுற்றி வந்து மோந்து கதறுகின்றன. வடக்கிலிருந்து வந்த யோகியார் அவற்றின் துயரம் தீர்க்க அவ்வுடலில் புகுந்து எழுகிறார். உடனே பசுக்கள் நக்கி மோந்து களிக்கின்றன. அவற்றைப் பொறுத்தவரை மூலன் எழுந்துவிட்டான்; மணமும் உடலும் அவனுடையவைதானே.

மாலையில் பசுக்கள் வீடு திரும்ப, மூலனின் மனைவி கணவனைக் காணாமல் தேடி வந்து அவரைக் கண்டு தொட முயல்கிறாள். அவர் தொட விடவில்லை. உனக்கும் எனக்கும் உறவு இல்லை என்கிறார். அவள் இரவெல்லாம் உறங்காமல், மறுநாள் ஊர்ச் சான்றோரிடம் முறையிடுகிறாள். அவர்கள் சென்று பார்த்து, இவர் பழைய மூலன் அல்லர், யோகநிலையில் இருப்பவர் என்று அவளுக்கு எடுத்துரைக்கிறார்கள்.

குளோனிங்கில் ஒத்த உடல் ஒன்று புதிதாக வளர்கிறது. இங்கோ உடல் அதுவேதான், ஓரணுவும் மாறவில்லை. அப்படியிருந்தும் கணவன்–மனைவி என்ற முறை அற்றுவிட்டது என்று அந்த ஊர் ஏற்றுக்கொண்டது. உறவு எதைப் பற்றி நிற்கிறது என்பதற்கு இதைவிடக் கூர்மையான சோதனையை நான் எங்கும் படித்ததில்லை. அந்த அம்மையாரின் துயரத்தை நாம் பெரும்பாலும் பேசாமல் கடந்துவிடுகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். இறந்தவரின் முகத்தோடு ஒருவர் எதிரே நிற்பது ஆறுதல் ஆகாது என்பதை முதலில் அறிந்தவர் அவர்தான்.

உயிரணு தந்தவரின் வினை நகலுக்கும் போகுமா?

போகாது. சஞ்சிதம் (சேர்ந்து கிடக்கும் வினை), பிராரத்தம் (இப்போது நுகரும் வினை), ஆகாமியம் (புதிதாக ஈட்டும் வினை) மூன்றும் அவரவர் உயிரைப் பற்றி நிற்பவை. அவை உயிரணுவில் எழுதப்பட்டவை அல்ல. பரம்பரை நோய் உடைய உடல் இருவருக்கும் கிடைத்தால், ஒத்த நுகர்ச்சிக்கு உரிய இரண்டு உயிர்கள் ஒத்த உடலைப் பெற்றன என்பதே பொருள். இந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டு, குறையோடு பிறந்த குழந்தையின் முன் நின்று அதன் வினையைப் பேசுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது சித்தாந்தம் அன்று, இரக்கமின்மை.

ஆய்வுக்கூடத்துக் கருவில் உயிர் எப்போது பொருந்துகிறது? மருத்துவத்துக்காகக் கரு உருவாக்குவது கொலையாகுமா?

மேலே உள்ள கேள்விகளைவிட இது கடினமானது. 2013-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மனித உடலணுவின் உட்கருவைக் கருமுட்டையில் செலுத்தி, சில நாட்கள் வளர்த்து, அதிலிருந்து, உடலின் பல வகை உயிரணுக்களாக வளரக்கூடிய குருத்தணுக்களை எடுத்தார்கள். கருப்பைக்குச் செல்லாமலே அந்தக் கரு முடிந்துவிடுகிறது.

உயிர், ஓசை முதலிய ஐந்தும் மனம், புத்தி, அகங்காரம் மூன்றும் சேர்ந்த புரியட்டகம் என்ற நுண்ணுடலோடு வந்து பருவுடலில் பொருந்துகிறது என்கிறது நம் நூல். எந்த நாளில் என்று நுண்ணோக்கியில் காட்ட இயலாது. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம்: ஒரு கரு ஏறத்தாழ இரண்டு வாரம் வரை இரட்டையாகப் பிரியக்கூடும். ஒன்றா இரண்டா என்பதே உறுதியாகாத நிலையில், இன்ன உயிர் வந்து நிலைத்துவிட்டது என்று சொல்வது எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பிரிட்டனில் மேரி வார்னாக் தலைமையிலான குழு 1984-ல் கரு ஆய்வுக்குப் 14 நாள் வரம்பு வகுத்ததற்கும் இதை ஒட்டிய சிந்தனை ஒரு காரணம்.

எனவே, நோய் தீர்க்கும் நோக்கில் தொடக்கநிலைக் கருவில் செய்யப்படும் ஆய்வைக் கொலை என்று நான் சொல்வதில்லை. அதைத் துச்சமாகக் கருதுவதையும் ஏற்பதில்லை. கருமுட்டை தானாக ஆய்வுக்கூடத்துக்கு வருவதில்லை. ஒரு பெண் ஊசிகளைப் போட்டுக்கொண்டு, வலியைத் தாங்கித் தந்தது அது. விவாதங்களில் கருவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அந்தப் பெண்ணைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

இறைவனின் படைப்புத் தொழிலில் மனிதன் தலையிடுவது ஆகாதா?

இந்த அச்சம் பிற சமயச் சூழலிலிருந்து நமக்கு வந்தது என்று நினைக்கிறேன். சித்தாந்தத்தில் இறைவன் உயிரைப் படைப்பதே இல்லை. குயவன் மண்ணிலிருந்து திரிகையின் துணையோடு குடம் வனைவதுபோல, மாயையிலிருந்து தனது சத்தியின் துணையால் உயிர்களுக்கு உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் கூட்டுகிறான். தாயும் தந்தையும் அதில் இடைக்கருவிகள். ஆய்வாளரும் வேண்டுமானால் இன்னோர் இடைக்கருவி. அவர் மண்ணையும் செய்யவில்லை, திரிகையையும் செய்யவில்லை. இறைவனின் தொழிலை மனிதன் பறித்துவிட்டான் என்று பதறுவது அந்தத் தொழிலை மிகச் சிறிதாக எண்ணுவதாகும்.

அப்படியானால் மனிதக் குளோனிங்கில் தவறே இல்லையா?

இருக்கிறது. தவறை உயிர்க்கோட்பாட்டில் தேடினால் கிடைக்காது. செய்கையிலும் நோக்கத்திலும் தேட வேண்டும்.

முதலில் செய்கை. டாலிக்காக இணைக்கப்பட்ட கருமுட்டைகள் 277. பிறந்து நிலைத்தது ஒன்று. ஷாங்காயில் பிறந்து 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இரண்டு குரங்குக் குட்டிகளுக்காக 79 கருக்கள் 21 தாய்க்குரங்குகளுக்குள் வைக்கப்பட்டன, ஆறு கருத்தரித்தன, பிறந்தவை இரண்டு. அவை சினைக்கருவின் உயிரணுக்களிலிருந்து வந்தவை. வளர்ந்த குரங்கின் உயிரணுக்களைக் கொண்டு செய்த முயற்சியில் 42 தாய்க்குரங்குகள் 181 கருக்களை ஏற்றும், பிறந்த இரண்டு குட்டிகளும் விரைவில் இறந்தன. குரங்கு நமக்கு நெருங்கிய இனம். இந்தக் கணக்கில் தாய்க்குரங்கு என்ற சொல்லுக்குப் பதிலாகப் பெண் என்று எழுதிப் பாருங்கள். பிறக்கப்போகும் குழந்தை குறைப்பட்டுத் துன்புறவும் இறக்கவும் கூடும் என்று தெரிந்தே முயல்வது, எந்தச் சமயத்தாருக்கும் கொலைக்கு அருகில் நிற்கும் செயல்.

அடுத்தது நோக்கம். விபத்தில் மகனை இழந்த ஒரு பெற்றோர் என்னிடம் வந்தார்கள். மகனின் சட்டை ஒன்றை அந்த அம்மா துவைக்காமல் வைத்திருக்கிறார். அதில் ஒட்டியிருக்கும் முடியிலிருந்து அவனைத் திரும்பப் பெற வழியுண்டா என்று கேட்டார். அறிவியல் விடையைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். என்னால் முடியவில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அம்மா, ஒரு பிள்ளை வரும்; அவன் வரமாட்டான்’ என்று மட்டும் சொன்னேன். அவர் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ‘வருகிற பிள்ளை பாவம்தான்’ என்று சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்.

நான் சொல்ல நினைத்ததை அந்த அம்மா மூன்றே சொல்லில் சொல்லிவிட்டார். ஒவ்வோர் உயிரும் தன் வினையைத் தான் நுகர்ந்து, தன் பக்குவத்தைத் தான் அடைய வருகிறது. பிறக்கும் முன்பே அதற்கு இன்னொருவரின் பெயரையும் விருப்பங்களையும் எதிர்காலத்தையும் ஒதுக்கி வைப்பது அந்த வாய்ப்பைப் பறிப்பதாகும். இரட்டையர் ஒத்திருந்தும் ஒன்றாகவே வளர்வதால், ஒருவருக்கு மற்றவர் முன்மாதிரி ஆவதில்லை. குளோன் குழந்தைக்கோ ஒரு முன்கதை காத்திருக்கும். இதே குற்றத்தை நாம் சாதாரணமாகப் பெற்ற பிள்ளைகளிடமும் செய்கிறோம் என்பதை நான் மறுக்கவில்லை. மருத்துவராக விரும்பிய அப்பா ஆகவில்லை என்பதற்காகப் படித்த பிள்ளைகள் என் வகுப்பறையில் ஏராளமாக இருந்தார்கள்.

அந்த ஏற்பாடு பலிக்காது என்பது வேறு செய்தி. அமெரிக்காவின் டெக்சாஸில் 2001 டிசம்பரில் பிறந்த முதல் குளோன் பூனைக்கு, மூலப்பூனையிடம் இருந்த செம்மஞ்சள் திட்டுகளே வரவில்லை. பெண் உடலின் ஒவ்வோர் அணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று செயலற்றுப்போவதால் இப்படி நேர்கிறது. ரோமத்தின் நிறத்தைக்கூடத் திரும்பப் பெற முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குருத்தணு வழிகாட்டுதல்கள் இனப்பெருக்கத்துக்கான மனிதக் குளோனிங்கைத் தடை செய்கின்றன. ஐ.நா. பொதுச்சபை 2005 மார்ச்சில் எல்லா வகை மனிதக் குளோனிங்குக்கும் எதிராக ஓர் அறிவிப்பை நிறைவேற்றியது. ஆதரவு 84, எதிர்ப்பு 34, நடுநிலை 37. அது நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அன்று.

கௌரவர் நூற்றுவர் பிறந்தது குளோனிங்தானே? நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்களே?

2019-ல் ஜலந்தரில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் ஒரு துணைவேந்தரே இதுபோன்ற கருத்தைச் சொன்னதால் இந்தக் கேள்வி அதிகமாக வருகிறது. காந்தாரி ஈன்ற தசைப்பிண்டத்தைப் பகுத்து நெய்க்குடங்களில் இட்டு வளர்த்தார்கள் என்பது கதை. கதையை ஆய்வுக்கூடக் குறிப்பாக மாற்றுவதால் அறிவியலுக்கும் பெருமையில்லை, பாரதத்துக்கும் பெருமையில்லை. அதே கதை வேறொன்றைத் தெளிவாகச் சொல்கிறது: ஒரே பிண்டத்திலிருந்து வந்த துரியோதனன் அவையில் திரௌபதியை இழிவுபடுத்த, அதே பிண்டத்திலிருந்து வந்த விகர்ணன் எழுந்து நின்று இது முறையன்று என்றான். உடலின் மூலம் ஒன்றாயிருந்தும் உயிரின் தரம் வேறாயிற்று.

குளோனிங்கால் சாகாமல் வாழ முடியும் என்று நம்பும் சமயக் குழுக்களும் உண்டாமே?

உண்டு. வேற்றுலகத்தார் மனிதரை உருவாக்கினர் என்று நம்பும் ரேலிய இயக்கத்தார், முதுமையில் புதிய உடலை உண்டாக்கி அதற்கு நினைவுகளை மாற்றிக்கொள்வதே நிலைபேறு என்கிறார்கள். அவர்களோடு தொடர்புடைய ஒரு நிறுவனம் 2002 டிசம்பரில் முதல் குளோன் குழந்தை பிறந்ததாக அறிவித்தது. சான்று எதையும் தரவில்லை.

சித்தாந்தியின் கண்ணில் இது தலைகீழான ஆசை. உயிர் ஏற்கெனவே அழிவில்லாதது. அதற்கு நிலைபேறு தேடித் தர வேண்டியதில்லை. ‘குடம்பை தனித்துஒழியப் புள்பறந் தற்றே’ என்று வள்ளுவர் சொல்வதுபோல, கூட்டைத் தனியே விட்டுப் பறவை பறந்துவிடுகிறது. கூட்டையே மீண்டும் மீண்டும் கட்டி வைத்து அதனுள் தங்கியிருக்க விரும்புவது பிறவியை நீட்டுவது. நாம் வேண்டுவதோ பிறவாமை.

பிற சமயங்களின் நிலை என்ன?

கத்தோலிக்கத் திருச்சபை 1987-லேயே எதிர்ப்பை எழுத்தில் பதிவுசெய்தது. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் (சமயச் சட்டவியல்) கழகம் 1997-ல் மனிதக் குளோனிங் கூடாது என்றது. பௌத்தம் நிலையான ஆன்மாவை ஏற்காததால் நகலாவது எது என்ற கேள்வியே அங்கே வேறு வடிவம் பெறுகிறது. துன்பம் விளைகிறதா என்பதே அவர்கள் முதலில் கேட்பது. காரணங்கள் வேறாயினும், மனிதரை இவ்வாறு பிறப்பிப்பதில் தயக்கம் பொதுவானது.

ஒருவேளை அப்படி ஒரு குழந்தை பிறந்துவிட்டால், அதற்குத் தீட்சை உண்டா? ஜாதகம் யாருடையது? அப்பாவை எப்படி அழைக்கும்?

‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்’ என்ற குறளுக்கு விதிவிலக்கு எழுதப்படவில்லை. கருப்பையில் தோன்றிப் பிறப்பதால் அதுவும் சராயுசப் பிறப்பே. பக்குவம் வந்தபோது தீட்சை உண்டு. எந்த அணுவிலிருந்து வந்தாய் என்று குருநாதர் கேட்கப்போவதில்லை.

முறை சொல்லி அழைப்பதில்தான் எங்கள் வகுப்பு ஒருமுறை அரைமணி நேரம் சிக்கிக்கொண்டது. தந்தையின் அணுவிலிருந்து வந்தவன் மரபணுக் கணக்கில் தந்தைக்கு இரட்டைப் பிறவித் தம்பி. அப்படியென்றால் தாத்தாவை அப்பா என்று அழைக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்க, சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வளர்ப்பவரை அப்பா என்று அழைக்கும். தத்துப்பிள்ளைகள் அழைப்பது அப்படித்தான்.

ஜாதகம் அந்தக் குழந்தை பிறந்த நாளையும் நேரத்தையும் வைத்துக் கணிக்கப்படும். அப்பாவின் பழைய ஜாதகக் கட்டத்தை எடுத்துக்கொண்டு போய் இதுவே போதும் என்று நீட்டினால், சோதிடர் அதை வாங்கிப் பார்க்காமலே குழந்தை எத்தனை மணிக்குப் பிறந்தது என்றுதான் கேட்பார்.